சட்டைக் கை பட்ட பந்து

பிழை விட்டால் அவர் சொல்லிவிடுவார். யாரும் பார்க்காவிட்டாலும் சொல்லிவிடுவார். இதை ஒரு நல்ல குணம் என்று எழுதத் தொடங்கி இரண்டு தாள்களைக் கிழித்தேன். நல்ல குணம் என்று சொல்லுகிறவர்களை எனக்குத் தெரியும். அந்தக் குணத்தால் தங்களுக்கு நட்டம் வராத வரைக்கும் சொல்லுவார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஐம்பதைத் தாண்டிய கறுப்பினப் பெண். பெற்றோர் ஜமெய்க்காவிலிருந்து வந்தவர்கள். அவர் பிறந்தது லண்டனில். ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுக்கும் வேலை. கிழக்கு லண்டனில் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் பப்புகளுக்கிடையே நடக்கும், கோலால் பந்தைக் குழிக்குள் தள்ளுகிற பூல் ஆட்ட லீக்கில் அவரைவிடச் சுத்தமாக ஆடிய ஆணையோ பெண்ணையோ நான் கண்டதில்லை. இளவயதில் நாட்டின் பெண்கள் அணிக்கும் ஆடியிருக்கிறார். லீக்கின் ஆட்டத் தாளில் அவருடைய பெயரை ஒருமுறையாவது சரியாக எழுதியதில்லை. பிழையாக எழுதுவதைவிட எழுதாமல் விடுவது மேல் என்று நானும் விடுகிறேன்.

அவரை நான் முதலில் கண்டது பூல் மேசையில் அல்ல. எனக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் கொடுக்கப் போக வேண்டும். அன்று அவர் ஊசியைக் குத்தினார், இரத்தம் வரவில்லை. இப்படி ஆகும்போது மற்றவர்கள் சொல்வது ஒன்றுதான். உங்கள் நரம்பு ஒளித்துக்கொள்ளுகிறது, தண்ணீர் குடிக்காமல் வந்திருக்கிறீர்கள். அவர் ஊசியை எடுத்து, பஞ்சை அழுத்தி, என் முகத்தைப் பார்த்து, "உங்கள் நரம்பில் ஒரு குறையும் இல்லை. பிழை என்னுடையது. மற்றக் கையைத் தாருங்கள்" என்றார். அவர் பேசியது இங்கிலீஷில். நான் என் தமிழில் எழுதுகிறேன்.

அந்த முகம் எனக்கு மறக்கவில்லை. அதனால் சில மாதங்களுக்குப் பிறகு அவர் பூல் ஆடும் கியூக் கோல் பெட்டியோடு எங்கள் பப்புக்குள் வந்தபோது உடனே அடையாளம் கண்டுகொண்டேன்.

நானும் அத்தானும், அதாவது என் அக்காவின் கணவரும், பார்க்கிங் என்ற ஊரின் ரயில் ஸ்டேஷனிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஒரு பப்பை லீசுக்கு எடுத்து நடத்தினோம். பியரோடு மட்டன் ரோல்சும் விற்போம். லீக்கில் எங்களுக்கு ஒரு அணி இருந்தது. அத்தான்தான் கப்டன். கடைசிக்கு முதல் இடத்தில் கிடந்தோம். பெட்டியோடு வந்த அந்தப் பெண் வெள்ளைப் பந்தை மேசையில் வைத்து மெதுவாக உருட்டினார். அது நேரே போகாமல் இடப்பக்கம் சரிந்தது.

"மேசையைச் சரிபார்த்தால் உங்கள் அணிக்கு ஆட வருகிறேன்" என்றார்.

அடுத்த நாளே ஆள் பிடித்துச் சரிபார்த்தோம். அவர் வந்தார். அந்தப் பருவம் முடியும்போது நாங்கள் மூன்றாம் இடம்.

அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. வருகிறவர்களிடமெல்லாம், "உவ நாச்சுரல், மச்சான். உதுகள் பழகி வாறேல்லை. அவையின்ர ஆக்களுக்குப் பிறப்பிலயே கையில இருக்கு" என்பார். இதையே இங்கிலீஷில் அவர் முன்னாலும் ஒருநாள் சொன்னார். பாராட்டுகிறாராம்.

"நாச்சுரல் என்கிற சொல் தயிர் டப்பாவில் இருக்க வேண்டியது" என்றார் அவர். குரல் உயரவில்லை. "பள்ளிக்கூடம் விட்டதும் ஒவ்வொரு நாளும் நான்கு மணித்தியாலம் பழகினேன். பதினொரு வருடம். இந்தத் தோளை மேலே தூக்க முடியாது, பார். வெள்ளைக்காரன் இப்படிப் பழகினால் அவனுக்கு மூளை இருக்கிறது என்கிறார்கள். நான் பழகினால் என் அப்பாவின் இரத்தம் என்கிறார்கள். என் அப்பாவுக்கு நேராக ஒரு ஆணி அடிக்கத் தெரியாது."

அத்தான் சிரித்தார். அவர் சிரிக்கவில்லை. பகிடிக்குச் சிரிக்காத பெண் என்று அத்தான் பிறகு என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். அது பகிடி இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்தேன்.

லீக் செயலாளரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர், மிகவும் மரியாதையான மனுஷன். ஒருநாளும் கெட்ட வார்த்தை சொன்னதில்லை. எங்கள் ஆட்டத்தைப் பார்க்க வருகிற நாட்களில் நேராக அந்தப் பெண்ணிடம் போய், முகம் மலர, "உங்கள் பதிவு அட்டையை ஒருமுறை பார்க்கலாமா?" என்பார். அணியில் எட்டுப் பேர். மற்ற ஏழு பேரிடமும் கேட்கமாட்டார். கொஞ்சக் காலத்தில், செயலாளர் கேட்கும்வரை காத்திருப்பதை அந்தப் பெண் விட்டுவிட்டார். செயலாளரின் தலை கதவில் தெரிந்ததும் அட்டையை எடுத்து மேசையின் விளிம்பில் வைத்துவிட்டு ஆட்டத்தைத் தொடர்வார். செயலாளர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். நன்றி சொல்வார். எனக்கு இப்போது அந்த நன்றியை நினைத்தாலும் பல்லுக் கூசுகிறது.

"ஒவ்வொரு முறையும் கேட்கிறாரே, உங்களுக்குக் கோபம் வராதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வரும். காலையில் பல் விளக்கும்போதே வரும்" என்றார். "கோபத்தோடு அடித்தால் பந்து சுவரில் பட்டுத் திரும்பும். அதனால் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு அடிக்கப் பழகினேன்."

பிழை சொல்லும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்றும் அன்று சொன்னார். அவருடைய அப்பாவின் காலத்தில் பப்புகள் பலவற்றில் கறுப்பர்களுக்கு மேசை கொடுப்பதில்லை. பஸ் ஓட்டுகிறவர்களும் தபால்காரர்களும் சேர்ந்து ஒரு வீட்டின் நிலவறையில் மேசை போட்டு ஆடினார்கள். தொலைக்காட்சியில் கோப்பை தூக்கியவர்களை ஒரு கையால் தோற்கடிக்கக்கூடியவர்கள் அந்த நிலவறையில் இருந்தார்களாம். அவர்களுடைய பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அமெரிக்காவிலும் அப்படித்தானாம். எத்தனையோ பெரிய கறுப்பு ஆட்டக்காரர்களைப் போட்டிக் கூடத்தின் வாசலோடு நிற்பாட்டி அனுப்பினார்கள்.

"எங்கள் ஆட்களில் யார் வென்றாலும், ஏமாற்றி வென்றான் என்று சொல்ல ஒருவன் இருப்பான். நிலவறையில் எல்லாரும் அது தெரிந்தவர்கள். அதனால் நாங்கள் எங்களுக்கே காவல்காரர் ஆனோம். விதி மீறிப் பவுல் ஆகிவிட்டால் நானே சொல்லிவிடுவேன். பிறகு என்னைப் பற்றிச் சொல்ல அவர்களுக்கு என்ன மிச்சம்?"

மிச்சம் இருந்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

அடுத்த வருடம் கப் போட்டியின் அரையிறுதிக்கு வந்தோம். அத்தான் அணிக்குச் சட்டை அடித்திருந்தார், முதுகில் பப்பின் பெயரோடு. எட்டும் ஒரே அளவு, ஆண்களின் பெரிய அளவு. அந்தப் பெண்ணுக்கு அரைக்கை முழங்கையையும் தாண்டித் தொங்கியது. சின்ன அளவில் ஒன்று வேண்டும் என்று இரண்டுமுறை கேட்டார். அத்தான் இரண்டுமுறையும் "அடுத்த முறை பாப்பம்" என்றார். அவர் சட்டைக் கையை மடித்துச் சட்டை ஊசி குத்திக்கொண்டு ஆடிவந்தார்.

அரையிறுதி எதிரணியின் பப்பில் நடந்தது. செயலாளர் வந்திருந்தார். அட்டையைப் பார்த்து முடித்ததும் அவருடைய சட்டைக் கையைப் பார்த்தார். "மன்னிக்க வேண்டும். இது கப் ஆட்டம். சீருடையை மடிக்கக்கூடாது. ஊசியைக் கழற்றிவிடுங்கள்" என்றார். எதிரணியில் ஒரு பெரிய ஆள் சட்டையின் பொத்தான்களைத் தொப்புள்வரை திறந்துவிட்டு நின்றான். அவனுக்கு ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் கப்டன் பேச வேண்டிய இடம் அது. அத்தான் அவரிடம் வந்து, "கழட்டிப்போட்டு ஆடுங்கோவன், ஏன் வீண் கரைச்சல்" என்பதை இங்கிலீஷில் சொன்னார். அவர் ஊசியைக் கழற்றிக் காற்சட்டைப் பையில் போட்டார்.

இரண்டு அணியும் நான்கு நான்கு ஆட்டம் வென்று சமமாக நின்றோம். முடிவைத் தீர்க்கும் ஒன்பதாவது ஆட்டம் அவருடையது. நடுவராக நிற்கும் முறை எங்கள் அணிக்கு. நான் நின்றேன். நான் நல்ல நடுவர் என்று எனக்கு ஒரு நினைப்பு. குனிந்து, பந்தின் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுவந்து பார்ப்பேன்.

அவருக்கு மஞ்சள் பந்து ஒன்று மிச்சம். அதைப் போட்டுக் கறுப்பையும் போட்டால் நாங்கள் இறுதிப் போட்டியில். எதிராளிக்கு இன்னும் மூன்று சிவப்பு. மஞ்சள் எட்டத்தில் இருந்தது. அவர் மேசைமேல் சாய்ந்து கையை நீட்டினார். தொங்கிய சட்டைக் கை ஒரு சிவப்புப் பந்தில் உரசியது. பந்து ஒரு அரிசியளவு நகர்ந்தது.

நான் பார்த்தேன். இதில் சந்தேகமே இல்லை. என் கண் அதற்கு ஒரு முழம் தூரத்தில் இருந்தது. சட்டை பட்டாலும் பவுல்தான். உடனே சொல்ல வேண்டியது நடுவர். நான் சொல்லவில்லை. சுற்றிவர யாராவது பார்த்தார்களா என்று பார்த்தேன். ஒருவரும் பார்க்கவில்லை. எதிராளியும் பார்க்கவில்லை. அடியுங்கோ, அடியுங்கோ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு நின்றேன்.

அவர் அடிக்கவில்லை. நிமிர்ந்தார். "பவுல். சட்டைக் கை பட்டது" என்றார்.

"நான் காணவில்லையே" என்றார் எதிராளி.

"நான் கண்டேன்."

முறை கைமாறியது. எதிராளி மூன்று சிவப்பையும் போட்டுக் கறுப்பையும் போட்டார். தோற்றோம்.

அத்தான் இறுதிப் போட்டிக்கு ஊர்ச்சனத்துக்கு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். முகம் கறுத்துப்போய், அவர் கியூவைக் கழற்றிக்கொண்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில் வந்து, என்னைப் பார்த்துத் தமிழில், "காப்பிலிச்சி மட்ச்சை வித்துப்போட்டாள்" என்றார். கறுப்பரை இழிவாகச் சொல்லும் சொல் அது.

கொழும்பில் பஸ்ஸை நிற்பாட்டி, ஒரு சிங்களச் சொல்லைச் சொல்லச் சொல்லி, நாக்குத் தடுமாறியவர்களைத் தமிழர் என்று கீழே இறக்கிய கதையை அத்தான் பப்பில் எத்தனைமுறை சொல்லியிருப்பார். அத்தானும் அந்த பஸ்ஸில் இருந்தவர். அதைச் சொல்லும்போது கண்கலங்குவார். அதே வாய்தான் இதையும் சொன்னது.

"என்ன சொல்கிறார்?" என்று அந்தப் பெண் என்னிடம் கேட்டார்.

"நீங்கள் களைத்துவிட்டீர்கள் என்கிறார்" என்றேன்.

அவர் பெட்டியை மூடினார். "உங்கள் ஆட்கள் நிறைந்த ஈஸ்ட் ஹாமில் முப்பது வருடமாக இருக்கிறேன். நான் படித்த முதல் தமிழ்ச் சொல்லே அதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அத்தான் அதோடு விடவில்லை. யாரும் காணாத பவுலை ஒருத்தி தானாகச் சொல்கிறாள் என்றால் அவள் விலைபோனவள் என்று லீக்குக்கு முறைப்பாடு எழுதினார். எழுதியதைத் தபாலில் போட முதல் எனக்கு வாசித்துக் காட்டினார். "வேண்டாம் அத்தான்" என்றேன். அவ்வளவுதான் என்னுடைய எதிர்ப்பு. லீக்குக்காரர் தலைகீழாக நின்று விசாரித்தார்கள். பந்தால் அடித்து ஆளின் தலையில் காயப்படுத்தியவனுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்ப ஆறு மாதம் எடுத்தவர்கள், இதற்குப் பத்து நாளில் விசாரணை வைத்தார்கள்.

ஒரு சனிக்கிழமை காலை. நீண்ட மேசைக்குப் பின்னால் கொமிற்றியின் மூன்று பேர், நடுவில் செயலாளர். அத்தான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். ஆஸ்பத்திரி உடுப்போடேயே வந்திருந்தார், பிறகு ஷிப்ட் இருந்தது. செயலாளர் என்னைக் கேட்டார்.

"நீங்கள் நடுவர். பந்து அசைந்ததைக் கண்டீர்களா?"

கண்டேன் என்றால், கண்டும் வாயை மூடிக்கொண்டு நின்ற நடுவர் நான். என்னையும் தள்ளிவைப்பார்கள். பக்கத்தில் அத்தான் இருக்கிறார், வீட்டில் அக்கா இருக்கிறாள். இதெல்லாம் ஒரு நொடியில் எனக்குள் ஓடியது.

"நிச்சயமாகச் சொல்ல முடியாது" என்றேன். "அந்த நேரம் வேறு பக்கம் பார்த்திருக்கலாம்."

"இவர் பார்த்தார்" என்றார் அந்தப் பெண். "பந்து அசைந்ததும் இவருடைய மூச்சு நின்றது. எனக்குக் கேட்டது."

மூன்று பேரில் ஒருவர் மெல்லச் சிரித்தார். அந்தப் பெண் எழுந்து நின்றார். அந்த வருடங்களில் அவருடைய குரல் நடுங்கியதை நான் கேட்டது அன்று மட்டும்தான். பயத்தில் அல்ல.

"நான் வென்றபோதெல்லாம் என் அட்டையைப் பார்த்தீர்கள். ஏமாற்றுகிறேனோ என்று பார்த்தீர்கள். இப்போது தோற்றுவிட்டு நிற்கிறேன். தோற்றதும் ஏமாற்று என்கிறீர்கள். வென்றாலும் கள்ளி, தோற்றாலும் கள்ளி. அப்படியானால் ஒரு மேசையில் நான் செய்யக்கூடிய நேர்மையான காரியம் என்ன? அதை மட்டும் சொல்லுங்கள். செய்துவிட்டுப் போகிறேன்."

செயலாளர் தண்ணீர் குடித்தார். பிறகு, ஆட்டத்தின் நற்பெயருக்குக் கேடு விளைவித்ததற்காக இரண்டு வருடத் தடை என்று வாசித்தார். அதிலும் பெயரைப் பிழையாகத்தான் வாசித்தார்.

எனக்கு மூன்று மாதம் முடிந்து இரத்தம் கொடுக்கும் முறை வந்தது. வேறு ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று யோசித்தேன். வெட்கம் கெட்டவன், யோசித்தேன். போனேன். என் எண்ணைக் கூப்பிட்டது அவருடைய அறையிலிருந்து.

பிறந்த திகதி கேட்டார். சொன்னேன். கையைக் கட்டினார், குத்தினார். ஒரே குத்து, வலியே இல்லை. வேண்டுமென்று வலிக்கக் குத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"நான் கண்டேன்" என்றேன்.

"பஞ்சை அழுத்திப் பிடி. இரண்டு நிமிடம்."

"அன்றைக்குப் பந்து அசைந்ததை நான் கண்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்."

குழாயில் என் பெயரை ஒட்டினார், எழுத்து எழுத்தாகச் சரிபார்த்து. "நீ கண்டது எனக்குத் தெரியும். தெரிந்தவளிடம் வந்து சொல்கிறாய். அந்த மூன்று பேரிடம் போய்ச் சொல்" என்றார். கதவைத் திறந்து அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்.

லீக்கின் வருடாந்தக் கூட்டம் பங்குனியில் வந்தது. அறுபது பேர் இருப்பார்கள். அத்தான் எனக்குப் பக்கத்துக் கதிரையில். வேறு விடயங்கள் ஏதும் உண்டா என்று செயலாளர் கேட்டதும் எழுந்தேன். அரையிறுதியில் சட்டை பந்தில் பட்டதை நான் கண்ணால் கண்டேன், கண்டும் சொல்லவில்லை, விசாரணையில் பொய் சொன்னேன், ஆட்டத்தை யாரும் விற்கவில்லை, விற்றவர் என்று சொல்லி ஒரு நேர்மையான ஆட்டக்காரரைத் தள்ளிவைத்திருக்கிறீர்கள் என்றேன். ஊசியைக் கழற்றச் சொன்னது யார் என்பதையும் சொன்னேன். செயலாளர், கொமிற்றி இதைப் பரிசீலிக்கும் என்றார்.

வெளியே வந்து காருக்குள் ஏறியதும் அத்தான் வெடித்தார்.

"உனக்கென்ன விசரே? அறுபது வெள்ளையளுக்கு முன்னால என்னைக் கள்ளனாக்கிப்போட்டாய்."

"நான்தான் கள்ளன் எண்டு சொன்னனான். உங்களைச் சொல்லேல்ல."

"அவள் உனக்கு ஆர்? நான் உனக்கு ஆர்?"

"அத்தான், அண்டைக்கு நீங்கள் சொன்ன சொல்லு அவவுக்கு விளங்கினது."

"எந்தச் சொல்லு?"

அவருக்கு உண்மையிலேயே நினைவில்லை. இதுதான் என்னை இன்றுவரை எரிக்கிறது. நான் அந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்லவில்லை. காரை நிற்பாட்டச் சொல்லி இறங்கி, பஸ் பிடித்து வீட்டுக்குப் போனேன். அந்தக் கோடையில் பப்பிலிருந்து விலகினேன். அக்கா இன்னும் என்னோடு கதைப்பதில்லை.

லீக்கிடமிருந்து எனக்குக் கடிதம் வந்தது. ஆவணியில், ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் ஒரு மரக்கறிக் கடையில் அவரைக் கண்டேன். வாழைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஒளிக்கவேண்டும்போல இருந்தது. பக்கத்தில் போய் நின்றேன்.

"கூட்டத்தில் சொன்னாயாம். கேள்விப்பட்டேன்" என்றார்.

"ஓம்" என்று தமிழில் சொல்லிவிட்டு, "முடிவும் வந்துவிட்டது" என்று இங்கிலீஷில் சொன்னேன்.

"என்ன முடிவு?"

"கண்ட பவுலைச் சொல்லாமல் மறைத்ததற்காக எனக்கு மூன்று வருடத் தடை."

அவர் கையில் இருந்த வாழைக்காயைக் கீழே வைத்தார்.

"கண்ட பவுல் என்று எழுதியிருக்கிறார்களா?"

"எழுதியிருக்கிறார்கள்."

"அப்படியென்றால் சட்டை பட்டது என்பதை நம்பிவிட்டார்கள்."

"நம்பிவிட்டார்கள்."

"என்னுடைய இரண்டு வருடம்?"

மேன்முறையீட்டுக்குக் கொடுத்த நாட்கள் கடந்துவிட்டபடியால் அந்த முடிவில் மாற்றம் இல்லை என்று கடிதத்தின் கடைசி வரியில் இருந்தது. அதைச் சொன்னேன்.

அவர் வாழைக்காயைத் திரும்ப எடுத்து, இன்னும் இரண்டைச் சேர்த்து, கடைக்காரரிடம் நிறுக்கக் கொடுத்தார். நான் நகராமல் நிற்பதைப் பார்த்து, "வழியை விடு, எனக்கு ஷிப்டுக்கு நேரமாகிறது" என்றார்.

விட்டேன்.